சுரைக்காய் கொடுத்து நெய்ச்சோறு வாங்கியவன்

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார் டாக்டரம்மா. எல்லைக்கோடு காரைக்கால்காரனுக்குப் புதிதில்லை. எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் கொஞ்ச நேரத்தில் எங்களுக்கு ஓர் எல்லை வந்துவிடும். அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் நாங்கள், நடுவில் காவல் தெய்வம் மாதிரி ஒரு சாராயக்கடை. ஆனால் உடம்புக்குள்ளும் அப்படி ஒன்று இருக்கிறது, அதன்மேல் நான் ஒற்றைக் காலில் நிற்கிறேன் என்பது ஐம்பதைத் தொடப்போகும் வயதில்தான் தெரிந்தது.

இத்தனைக்கும் நான் உடம்பைக் காட்டப் போனவனே இல்லை. மனைவிக்கு அடிக்கடி கால் மரத்துப் போகிறதென்று அழைத்துப் போயிருந்தேன். பொங்கல் முடிந்த வாரம், கிளினிக்கில் கூட்டம் இல்லை. துணைக்கு வந்தவர் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார் என்று என் ரத்தத்தையும் எடுத்துவிட்டார்கள். முடிவு வந்தபோது இருவருமே கோட்டின்மேல் நின்றோம். ஜாதகத்தில் பொருந்தியதாகச் சொன்ன எதுவும் வாழ்க்கையில் பொருந்தாத எங்களுக்கு, ரத்தம் பொருந்திவிட்டது.

“ஆடி மாசம் வரைக்கும் டைம் தரேன். சோத்தைக் குறைங்க, காய்கறியை நிறைய எடுத்துக்குங்க, நடங்க. மறுபடி டெஸ்ட் எடுப்போம். குறையலைன்னா மாத்திரையை ஆரம்பிச்சுடலாம்” என்றார் டாக்டரம்மா.

மாத்திரை எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். ஆரம்பித்தால் தொடர்ந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று அவர் புன்னகையோடு சொன்னார். நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டேன். மனைவி ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, போகிற வழியில் கொத்தமல்லி வாங்க வேண்டும் என்று ஞாபகப்படுத்தினாள்.

மாத்திரை என்றால் எனக்கு ஏன் அவ்வளவு பயம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆபீசில் என் எதிர் மேஜைக்காரர் ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்திருப்பார். அதில் வரிசையாகக் குழி, குழிக்குள் நாளுக்கொரு மாத்திரை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைத் திறப்பார். அந்த டப்பாவுக்குப் பல்லாங்குழி என்று பெயர் வைத்தவன் நான். அவர் திறக்கும்போதெல்லாம் “இன்னிக்கு எந்தக் குழி சார், சோழி விழுந்துச்சா?” என்று கேட்டு ஆபீசையே சிரிக்க வைத்தவனும் நான். பல வருஷமாக ஓடுகிற நகைச்சுவை. நாளைக்கு நானே ஒரு பல்லாங்குழியோடு போய் அவர் எதிரே உட்கார்ந்தால் என்ன ஆகும்? நோய்க்குப் பயந்தேனா, அந்தச் சிரிப்புக்குப் பயந்தேனா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மொத்தத்தில் பயந்தேன்.

டாக்டரம்மா காய்கறி சாப்பிடச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் போனைத் திறந்து காய்கறி என்று தேடினேன். அதுதான் நான் செய்த வினை. தலையில் பச்சைத் துண்டு கட்டிய ஒருவர் வந்து, நாம் தின்பது காய்கறியே இல்லை, மொத்தமும் விஷம் என்றார். கத்தரிக்காயில் அடிக்கிறார்கள், காலிஃபிளவரை முக்கி எடுக்கிறார்கள், கறிவேப்பிலையைக்கூட விட்டுவைக்கவில்லை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். ஒன்று பார்த்தால் போன் இன்னொன்றைக் கொண்டுவந்து நீட்டியது. காய் சாப்பிடாவிட்டால் சர்க்கரை, சாப்பிட்டால் விஷம். பஸ் ஸ்டாண்டுக் கடையில் கறுத்த எண்ணெயில் மிதந்த வடையை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தின்றுவருகிறேன். அப்போதெல்லாம் ஒரு நாளும் வராத விஷப் பயம், வெண்டைக்காயைப் பார்த்ததும் வந்தது.

ஆபீசில் ஒரு கோப்பைத் திறக்கவே ஒரு மாதம் யோசிக்கிற மூளை, அன்று சாயங்காலமே முடிவெடுத்துவிட்டது. மொட்டை மாடியில் தோட்டம். நஞ்சில்லாத காய். நானே விதைத்து, நானே வளர்த்து, நானே தின்று, ஆடி மாதம் டாக்டரம்மா மேஜையில் என் ரத்தத்தைப் பெருமையோடு வைப்பேன். மனைவியிடம் சொன்னேன். அவள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே, “தண்ணி யார் ஊத்துறது?” என்று மட்டும் கேட்டாள். இதெல்லாம் ஒரு கேள்வியா என்று நினைத்தேன். அதுதான் கேள்வி என்பது அப்புறம் தெரிந்தது.

இயற்கை என்ற சொல்லை ஒட்டிவிட்டால் சாணத்துக்கும் ஒரு மரியாதை வந்துவிடுகிறது. எங்கள் கோவில்பத்துத் தெருவில் கிடந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுவோம். அதையே காயவைத்து, பையில் அடைத்து, பச்சை எழுத்தில் அச்சடித்துவிட்டால் வண்டியில் முன்னால் வைத்து, பிரேக் போடும்போது ஒரு கையால் பிடித்துக்கொண்டு வருவோம். அப்படித்தான் கொண்டுவந்தேன். கூடவே தென்னை நார்த்தூள், செடி வைக்கும் பைகள், பூவாளி, பதினாறு வகை விதை, தலைக்கு ஒரு பச்சைத் துண்டு. துண்டு கட்டாயம் இல்லை என்று கடைக்காரரே சொன்னார். நான் கேட்கவில்லை.

தக்காளி, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் என்று ஊட்டிக்குப் போகிறவன் மாதிரி விதைத்தேன். கடல் காற்று ஒரே வாரத்தில் பதில் சொல்லிவிட்டது. தக்காளி நாற்றின் ஓரமெல்லாம் கருகியது. கேரட்டைப் பிடுங்கிப் பார்த்தால் பல்குத்துகிற குச்சி அளவுக்கு ஒன்று வந்தது. எங்கள் போர் தண்ணீரில் பருப்பே வேகாது, அவ்வளவு உப்பு. அதை ஊற்றினால் செடி எப்படிப் பிழைக்கும்? காலையில் குழாயில் வருகிற நல்ல தண்ணீரைப் பிடித்து மாடிக்குத் தூக்க வேண்டும். தண்ணீர் வருகிற நேரமும் நான் ஆபீசுக்குக் கிளம்புகிற நேரமும் ஒன்று. அதனால் மனைவி தூக்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தூக்கியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும்.

உரத்துக்கு மீன் அமிலம் போடு என்றார் போனில் வந்த பச்சைத் துண்டுக்காரர். மீன் கழிவையும் வெல்லத்தையும் சேர்த்து மூடி வைத்தால் நொதித்து அமிர்தமாகிவிடுமாம். மலைக்காட்டில் இருப்பவன் மீன் கழிவுக்கு எங்கே போவான், பாவம். எனக்கு எதிர் வீட்டிலேயே விசைப்படகு வைத்திருக்கும் அண்ணன் இருந்தார். கேட்டதும் மறுநாளே ஒரு வாளி நிறையச் செவுளும் குடலும் வந்து இறங்கியது. வாளியை வைத்துவிட்டு என் தலைத்துண்டைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாங்க மீனைத் திங்கிறோம். நீங்க அது கொடலை மண்ணுல போட்டு, காயாக்கி, சுத்தி வளைச்சுத் திங்கப் போறீங்க. நேரா ஒரு மீனை வாங்கித் தின்னா ஆவாதா விவசாயி?”

அன்றிலிருந்து நான் தெருவுக்கே விவசாயி. டிரம்மில் போட்டு மூடினேன். அமிர்தமானதோ இல்லையோ, ஊரிலுள்ள பூனைகளுக்குச் செய்தி போய்விட்டது. கோவில்பத்துப் பூனைகள் வந்தன, பக்கத்து ஊர்த் தலத்தெருப் பூனைகளும் வந்தன என்றே நினைக்கிறேன். பைகளைத் தோண்டி, விதைகளைக் கிளறி, மிஞ்சியிருந்த நாற்றுகளின்மேல் படுத்துத் தூங்கின. பச்சைத் துண்டை வீசி விரட்டினேன். ஒரு கடுவன் அதையே இழுத்துக்கொண்டு போய் மெத்தையாகப் போட்டுக்கொண்டது. அத்தோடு என் சீருடை ஒழிந்தது.

எல்லாம் போய் மிஞ்சியது ஒரு சுரைக்கொடி. உப்புக் காற்று, பூனை, என் பராமரிப்பு மூன்றையும் தாண்டி அது எழுந்து நின்றது. படகுக்கார அண்ணன் கிழிந்த நைலான் வலை ஒன்றைக் கொடுத்தார். அதைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கைப்பிடிச்சுவர் வரைக்கும் இழுத்துக் கட்டியதும் கொடி அதில் ஏறி, மாடியில் பாதியைத் தனதாக்கிக்கொண்டது. பங்குனி பிறந்தபோது வெள்ளைப் பூவெல்லாம் பிஞ்சாகி, பிஞ்செல்லாம் காயாகி, முதல் காய் முழங்கை நீளத்துக்குத் தொங்கியது.

இப்போது ஓர் உண்மை. எனக்குச் சுரைக்காய் பிடிக்காது. பச்சைத் தண்ணீரைத் தோல் போட்டு நிறுத்தி வைத்ததுதான் சுரைக்காய் என்பது என் அபிப்பிராயம். இருந்தாலும் பல்லாங்குழியை நினைத்துக்கொண்டு மனதைத் தயார் செய்தேன். தயார் செய்துகொண்டே போனைப் பார்த்தேன். சுரைக்காய் கசந்தால் விஷம், ஆளையே கொண்டுபோய்விடும் என்றார் அதே மனிதர். எந்தக் கடை விஷத்துக்குப் பயந்து தோட்டம் போட்டேனோ, அதைவிடப் பெரிய விஷத்தை நானே வலை கட்டி வளர்த்திருக்கிறேன். காயை மேஜையில் வைத்துவிட்டு எட்டி நின்றேன். தொட்டால் கசக்குமா என்றுகூட யோசித்தேன்.

மனைவி வந்தாள். ஓரத்தில் ஒரு சீவல் வெட்டி வாயில் போட்டு மென்றாள். “நல்லா இனிப்பாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தாள். நான் எதற்கும் இருக்கட்டும் என்று ரசமும் அப்பளமும் சாப்பிட்டேன். அவள் சாப்பிடும்போது அவள் முகத்தையே பார்த்தேன். சாப்பிட்ட பிறகும் பார்த்தேன். சீரியல் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

“என்ன, இன்னும் உயிரோட இருக்கேனான்னு பாக்குறீங்களா?”

“சேச்சே.”

“எனக்கு ஏதாவது ஆச்சுன்னா மிச்சக் கூட்டை ஃப்ரிட்ஜ்ல எடுத்து வச்சுடுங்க. வீணாக்காதீங்க.”

ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் கூட்டு, அதற்கு மறுநாள் பொரியல், பிறகு தோலில் துவையல். கொடி நிற்பதாக இல்லை. ஒன்றைப் பறித்தால் பக்கத்தில் இரண்டு கண்ணுக்குத் தெரிந்தன. நானும் சாப்பிட்டேன், இல்லையென்று சொல்லவில்லை. ஒரு கரண்டி கூட்டை வாங்கி, அது தட்டில் தனியாகத் தெரியாத அளவுக்கு ஊறுகாய் போட்டு விழுங்கினேன்.

அப்போது நோன்பு மாதம். பக்கத்து முஸ்லிம் வீட்டு அக்காவை அந்தத் தெருவே ராத்தா என்றுதான் கூப்பிடும். அவரைக் கட்டிய மாப்பிள்ளை வளைகுடாவில். இவர் இங்கே பிள்ளைகளோடு. வருஷா வருஷம் நோன்புக் கஞ்சி ஓர் அடுக்குத் தூக்குவாளியில் எங்கள் வீட்டுக்கு வரும், கூடவே மேலே இறால் ஒட்டிய வாடா என்கிற அரிசிமாவு வடை ரெண்டு. எங்கள் பக்கம் ஒரு வழக்கம். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது. எதுவும் இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அந்த வருஷம் மனைவி தூக்கைக் கழுவிக் கையில் கொடுத்து, ஒரு காயையும் கொடுத்து அனுப்பினாள். காய் தூக்குக்குள் போகவில்லை. தூக்கு ஒரு கையில், சுரைக்காயைக் கைப்பிள்ளை மாதிரி இன்னொரு கையில் அணைத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். ராத்தா தோலில் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, மருந்து எதுவும் அடிக்காததா என்று கேட்டார். அடிக்காதது என்று சொல்லி, பச்சைத் துண்டுக்காரர் சொன்ன முழுப் பிரசங்கத்தையும் வாசலில் நின்றே செய்தேன். பாவம், நோன்போடு நின்று கேட்டார்.

பெருநாள் கழிந்த வெள்ளிக்கிழமை அந்தத் தூக்கு மறுபடி வந்தது. மேல் தட்டில் நெய்ச்சோறு. கீழே தால்ச்சா. அந்தத் தால்ச்சாவுக்குள், பருப்பிலும் புளியிலும் ஊறி, ஆட்டு எலும்போடு சேர்ந்து குழைந்து கிடந்தது என் சுரைக்காய்.

நான் வாழ்நாளில் அப்படி ஒரு காய் சாப்பிட்டதில்லை. மனைவிக்கு வெள்ளிக்கிழமை கவிச்சி ஆகாது. ஆகவே முழுத் தூக்கும் என் பொறுப்பு. “சோத்தைக் குறைக்கச் சொன்னாங்கல்ல?” என்றாள். எனக்கும் ஒரு கணம் உறுத்தியது. ஆனால் யோசித்துப் பாருங்கள், டாக்டரம்மா சொன்னது என்ன? காய்கறி நிறையச் சாப்பிடு. இது காய்கறி. அதுவும் நானே வளர்த்த, நஞ்சில்லாத காய்கறி. போன இடத்தில் சேர்க்கை சரியில்லாமல் எலும்போடு பழகிவிட்டது, அவ்வளவுதான். அதைத் தனியாகச் சாப்பிட முடியாது, நெய்ச்சோறு வேண்டும். வந்த காயை ஒதுக்குவது என் தோட்டத்துக்கே அவமானம்.

மறுநாள் ராத்தா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். “தம்பி, உங்க காயி பஞ்சு மாதிரி வெந்துச்சு. கடையில வாங்குறது இப்படி வேகாது. இன்னும் இருந்தா குடுங்க.”

இருந்ததா? கொடி முழுக்க இருந்தது. தூக்கை வெறுமையாகக் கொடுக்கக் கூடாது, காய் போகும். காய்க்குப் பதிலாக வெறும் நன்றி சொல்ல அவருக்கும் மனசு வராது, தூக்கு வரும். யாரும் நிறுத்த முடியாத ஒரு வண்டி ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் வண்டியை ஓட்டவும் கற்றுக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை கொடுத்த காய் பருப்பிலோ பொரியலிலோ வீணாகிவிடும் அபாயம் உண்டு. வியாழக்கிழமை சாயங்காலம் கொடுத்தால் வெள்ளி மதியம் நிச்சயம். பிஞ்சாகக் கொடுத்தால் எலும்பில்லாத தனிக்கறியில் சேரும், முற்றிக் கொடுத்தால் தால்ச்சாவில். ஆபீசில் இவ்வளவு கவனமாக நான் எந்த வேலையும் பார்த்ததில்லை.

எதிர் வீட்டு அண்ணனுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்தது. படகெல்லாம் கரையில் கிடக்க, வேலையில்லாமல் சலித்துப்போய் ஒரு நாள் என் மாடிக்கு வந்தார். தன் கிழிந்த வலையையும் அதில் தொங்கும் காய்களையும் நிதானமாகச் சுற்றிப் பார்த்தார்.

“எல்லாரும் கரையில குந்தியிருக்கோம். என் வலை மட்டும் தொழில்ல இருக்கு.”

“ஆமாண்ணே.”

“வலைக்காரன் பங்கு எங்க?”

அவர்கள் கணக்கில் பிடிபட்டதில் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு உண்டு. வலைக்கு உரியதைக் கேட்கிறார், மறுக்க முடியாது. ரெண்டு காயைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். மறுநாள் மதியம் அவர் வீட்டிலிருந்து ஒரு சட்டி வந்தது. சுரைக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. புது மீன் கிடைக்காத நாளில் அந்த வீட்டுப் பரண் மேலிருந்து என்னென்ன இறங்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்தக் குழம்புக்கு என் வழக்கமான சோறு போதவில்லை. சட்டியைக் கழுவிக் காயோடு திருப்பினோம். தடை நீங்கிய பிறகு அது இறால் போட்டு வந்தது.

இதற்கிடையில் ஆபீசில் நான் ஞானியாகிவிட்டேன். கடைக் கத்தரிக்காய் கொண்டுவந்தவர்களின் டிபன் பாக்ஸைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையசைத்தேன். எதிர் மேஜைக்காரருக்கு ஒரு காயைப் பரிசாகக் கொடுத்து, மாத்திரையெல்லாம் எதற்கு சார், ஒரு தோட்டம் போடுங்கள், சர்க்கரை தானாக ஓடும் என்று உபதேசித்தேன். அவர் காயை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, நீங்க தினமும் சாப்பிடுறீங்களா என்று கேட்டார். தினமும் என்றேன். பொய் இல்லை.

ஆனி கடைசியில் ஒரு காலை, பெல்ட் வழக்கமான துளையில் ஏறவில்லை. துணி துவைத்ததில் சுருங்கிவிட்டது என்று நினைத்தேன். பெல்ட்டைத் துவைப்பதில்லை என்பது கொஞ்சம் தாமதமாக ஞாபகம் வந்தது. காலண்டரைப் பார்த்தேன். ஆடிக்கு ஒரு வாரம்தான். பழைய பயம் முழு அளவில் திரும்பி வந்தது. அந்த வாரம் நான் பட்ட பாட்டை யாரிடமும் சொல்லவில்லை. காலையில் சுரைக்காய்ச் சாறு, மதியம் சுரைக்காய் கூட்டு, சாயங்காலம் மாடியிலேயே வேகமாக நடை. வெள்ளிக்கிழமைத் தூக்கு வந்தது. வயிற்றில் ஏதோ சங்கடம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன், அதுவும் உள்ளே இருந்ததோடு. ராத்தா பயந்துபோய் ஆளைவிட்டு விசாரித்தார். மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல் காலையில் தண்ணீர் தூக்கினாள். வழக்கம்போல் அரை தட்டுச் சோறும் ஒரு குவளைக் கூட்டும் சாப்பிட்டாள்.

ரத்தம் கொடுத்தோம். ரிப்போர்ட்டோடு டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தபோது நான் கொஞ்சம் தெம்பாகவே இருந்தேன். ஒரு வாரம் சாறு குடித்த ரத்தம், தண்ணீர் மாதிரி இருக்காதா?

முதலில் மனைவியுடையதைப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. “நல்லாக் குறைஞ்சிருக்கேம்மா. எல்லையை விட்டு இந்தப் பக்கம் வந்துட்டீங்க. கால் மரத்துப் போகுதா இன்னும்?” இல்லை, இப்போது அவ்வளவாக இல்லை என்றாள். கால் மரத்துப் போவதை நான் அதற்கப்புறம் ஒரு நாளும் கேட்கவில்லை என்பது அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. தை மாதம் அவள் ரிப்போர்ட்டில் என்ன எண் இருந்தது என்றும் எனக்குத் தெரியாது. என்னுடையது புள்ளிக்குப் பிறகு வருவதுவரை மனப்பாடம்.

அடுத்து என்னுடையது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“ஏறியிருக்கே சார்.”

“இருக்காது டாக்டர். ஒரு வாரமா வெறும் சுரைக்காய்ச் சாறுதான்.”

“ஒரு வாரத்தைப் பாக்குற டெஸ்ட்டு இல்ல இது. மூணு மாசத்துக்கும் சேத்துச் சொல்லிடும்.”

மூன்று மாதம். சித்திரை, வைகாசி, ஆனி. பன்னிரண்டு வெள்ளிக்கிழமைகளும் கையில் தூக்கோடு கண்முன் வரிசையாக வந்து நின்றன. டாக்டரம்மா மனைவி பக்கம் திரும்பி, என்ன மாற்றம் செய்தீர்கள் என்று கேட்டார். வீட்டு மாடியில் மருந்து அடிக்காத காய்கறி, தினமும் ஒரு காய், தினமும் மாடிக்குத் தண்ணீர் தூக்கியது என்று அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை என்றார்.

“தோட்டம் யார் போட்டது?”

“இவங்கதான்.” என்னைக் காட்டினாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“அப்ப இவருக்கு ஏன் ஏறுச்சு? இவர் சாப்பிடலையா?”

“இவங்க காயைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிடுவாங்க டாக்டர். அது நெய்ச்சோறோட திரும்பி வந்ததும் சாப்பிடுவாங்க.”

எழுதப் போன பேனா நின்றது.

“அதுலயும் சுரைக்காய் இருக்கும் டாக்டர்” என்றேன்.

அவர் பேனாவை மறுபடி சீட்டில் வைத்தார். மாத்திரையை எழுதினார். காலை, இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு.

ரகசியம் காப்பதற்கு எங்கள் தெரு தோதான இடம் இல்லை. வண்டியை நிறுத்துவதற்குள் படகுக்கார அண்ணன் மருந்துக்கடைப் பையைப் பார்த்துவிட்டார். “என்ன விவசாயி, செடிக்கு மருந்தா, ஒங்களுக்கா?” என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இரங்கினார். அன்று அவர் வீட்டிலிருந்து வருவதாக இருந்த இறால் வரவில்லை. ராத்தாவிடம் மனைவியே சொல்லிவிட்டாள். அவர் சுவரருகே வந்து, எனக்குத் தெரியாமப் போச்சே தம்பி, நானே உங்களைக் கெடுத்துட்டேனே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். இல்லை ராத்தா, அப்படியெல்லாம் இல்லை, வெள்ளிக்கிழமை ஒரு நாள்தானே என்று நான் சொல்லிப் பார்த்தேன். இனிமேல் உங்களுக்கு அதெல்லாம் கிடையாது என்று சத்தியமே செய்துவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. மதியம் ராத்தாவின் சின்னப் பெண் இரண்டு பாத்திரம் கொண்டுவந்தாள். ஒன்று மாமாவுக்கு, ஒன்று மாமிக்கு, மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது என்று உம்மா சொல்லியனுப்பியிருக்கிறார். மாமாவுக்கு வந்ததைத் திறந்தேன். பாகற்காய், எண்ணெய் குறைவாக, வெல்லம் இல்லாமல். மாமிக்கு வந்தது ஒரு கிண்ணம் வட்டலப்பம். தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்து அவித்து, ஏலக்காய் மணக்க, இன்னும் சூடாக இருந்தது.

“உனக்கும் சர்க்கரை இருந்துச்சுல்ல?” என்றேன்.

“இருந்துச்சு.” ஒரு கரண்டி எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். “ஒரு கரண்டிதான். நீங்க கவலைப்படாதீங்க.”

மிச்சத்தை மூடி, என் கைக்கு எட்டாத பக்கம் நகர்த்தி வைத்தாள். நான் பாகற்காயை முடித்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் மதியமும் சாப்பாடுதானே, இரவு வரை எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று முந்தைய இரவிலிருந்து தள்ளிப்போட்டுவந்த முதல் மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கினேன். சின்னதாக, வெள்ளையாக இருந்தது. ஆறு மாதம் நான் பயந்தது இதற்குத்தான். தண்ணீரோடு விழுங்கினேன். ருசி என்று எதுவும் இல்லை. சுரைக்காயைவிடப் பரவாயில்லை.